முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது களைத்துப்போகும் பிள்ளைகள்: பொங்கலுக்குப் பிறகு வீட்டில் என்ன செய்யலாம்?

ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் "டீச்சர், டீச்சர்" என்று முப்பது கை உயரும். அதே வகுப்புக்குள் மார்ச் இரண்டாவது வாரம் மதியம் இரண்டரை மணிக்கு நுழைந்து பாருங்கள். பாதித் தலைகள் மேசையில் சாய்ந்திருக்கும். மின்விசிறி அனலை அள்ளி இறைத்துக்கொண்டிருக்கும். "யாருக்குப் புரியல?" என்றால், புரியவில்லை என்று சொல்லக்கூட யாருக்கும் தெம்பிருக்காது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாக இதைப் பார்த்து வருகிறேன். வீட்டுக்கு வந்தாலும் இதே காட்சிதான். பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு.

இந்த மாதங்களில் பெற்றோர் என்னைப் பிடித்துக் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், என்ன குடுத்தா சுறுசுறுப்பா இருப்பான்?" சத்துமாவு, டானிக், ஊறவைத்த பாதாம், வல்லாரை லேகியம் என்று அவர்களே பட்டியலும் வைத்திருப்பார்கள். எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கும் முன் எதை நிறுத்தலாம் என்று பாருங்கள் என்பேன். பாதிப் பேருக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. ஆனால் என் அனுபவத்தில் வேலை செய்தது அதுதான்.

பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் கதை வேறு. கீழே எழுதியிருப்பது ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு.

இந்த நேரத்தில் மட்டும் ஏன்?

பொங்கல் விடுமுறை முடிந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. பாடப் பகுதியை முடிக்க ஆசிரியர்கள் ஓடுவோம் (நானும்தான், ஒத்துக்கொள்கிறேன்). விளையாட்டு விழா, ஆண்டு விழா, அதற்கு நடன ஒத்திகை. இந்திப் பிரச்சார சபைத் தேர்வு பிப்ரவரியில். பிறகு திருப்புதல் தேர்வுகள். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகவேண்டும், மாரியம்மன் கோயில் கொடையில் விடிய விடிய மேளம். மார்ச் கடைசியில் ஐபிஎல் வேறு தொடங்கிவிடும். ஆட்டம் ஆரம்பிப்பதே இரவு ஏழரை மணிக்கு, முடியப் பதினொன்று ஆகும். நோன்பு மாதமும் சில ஆண்டுகளாகப் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டியே வருவதால் இஸ்லாமியக் குடும்பங்களில் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்குப் பிள்ளைகளும் எழுந்துகொள்கிறார்கள். இத்தனைக்கும் மேலே வெயில்.

இவற்றில் எந்த ஒன்றும் தனியாக ஒரு பிள்ளையைச் சாய்த்துவிடாது. மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறுவதுபோல ஜூனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும். மார்ச்சில் கடைக்காரர் நோட்டை நீட்டுகிறார், அவ்வளவுதான்.

முதல் படி: மூன்று நாள் எதையும் மாற்றாமல் பாருங்கள்

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தது என்பதை விட்டுவிடுங்கள், எப்போது கண் அசந்தது என்று குறியுங்கள். காலையில் தானாக எழுந்ததா, உலுக்கி எழுப்பினீர்களா? சாப்பாட்டு டப்பாவில் எவ்வளவு மீதி? தண்ணீர் பாட்டில் காலியாக வந்ததா, கொண்டுபோனபடியே திரும்பியதா? எத்தனை மணிக்கு அழுகை அல்லது சண்டை? இந்த ஐந்தும் போதும்.

களைப்பு எப்போதும் தூக்கமாகத்தான் வெளியே தெரியும் என்று நினைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் தலைகீழாக வரும்: குதிப்பார்கள், கத்துவார்கள், தம்பியைக் கிள்ளுவார்கள், பென்சில் முனை உடைந்ததற்கு அரைமணி நேரம் அழுவார்கள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவார்கள், அல்லது பேசவே மாட்டார்கள். பள்ளி நாளில் மட்டும் காலையில் வயிற்றுவலி வந்தால் "நடிக்காதே" என்று சொல்லவேண்டாம். அந்த வலி நிஜமாகவே இருக்கும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சின்னவன் கணக்கு நோட்டில் பெருக்கல் தவறாகப் போட்டுக்கொண்டே இருந்தான். "சோம்பேறித்தனம்" என்று திட்டினேன். என் மாமியார்தான், "ஏட்டி, அவன் முகத்தப் பாத்தியா? புள்ள உறங்கி எத்தன நாளாச்சோ" என்றார்கள். குறித்துப் பார்த்தால் பத்தரை மணிக்கு முன்னால் அவன் ஒருநாளும் தூங்கியிருக்கவில்லை.

இரண்டாம் படி: தூக்கப் பாக்கியை அடைப்பது

மற்ற படிகளில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் வகுத்த அளவைத்தான் குழந்தை மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள்: 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10–13 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9–12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரம். ஏழு மணிக்கு வேன் வரும் வீட்டில் ஆறு மணிக்கு எழவேண்டும். அப்படியானால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரவு ஒன்பதுக்குள் தூங்கியிருக்கவேண்டும். அதுவும் குறைந்தபட்சக் கணக்கு. பத்தரைக்குத் தூங்கினால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் பாக்கி. ஐந்து பள்ளி நாளில் ஏழரை மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஓர் இரவையே தூங்காமல் விட்டதற்குச் சமம்.

ஒரே நாளில் பத்தரையை ஒன்பதாக்க முயன்றால் இருட்டில் உருண்டு புரண்டு உங்களையும் தூங்கவிட மாட்டார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். பதினைந்து நாளில் ஒன்பதரையைத் தாண்டிவிடலாம். எழும் நேரத்தை மட்டும் மாற்றவேண்டாம். எழுந்ததும் பத்து நிமிடம் வாசலில் வெளிச்சத்தில் நிற்கட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அன்றைக்கு இரவு தூக்கம் நேரத்துக்கு வரும்.

இரவுச் சாப்பாட்டிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். நம் வீடுகளில் பிள்ளை தூங்கத் தாமதமாவதற்குப் பெரிய காரணம் வீட்டுப்பாடம் என்று நினைக்கிறோம், ஆனால் பல வீடுகளில் அது இரவு ஒன்பதரைத் தோசைதான். அப்பா கடையை அடைத்துவிட்டு வந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடவேண்டும் என்பது நல்ல பழக்கம்தான். இந்த இரண்டு மாதம் மட்டும் பிள்ளைகளுக்கு ஏழரைக்குப் போட்டுவிடுங்கள்.

கைப்பேசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜர் சமையலறையில் இருக்கட்டும், எட்டு மணிக்கு எல்லாக் கைப்பேசிகளும் அங்கே போகட்டும், உங்களுடையதும் சேர்த்து. ஐபிஎல்லுக்கு எங்கள் வீட்டு ஒப்பந்தம்: முதல் ஆறு ஓவர் பார்க்கலாம், மீதியைக் காலையில் பேப்பரில் தெரிந்துகொள்ளலாம். சனி ஞாயிறு மூன்றரை மணி ஆட்டம் இருந்தால் முழுதாகப் பார்க்கலாம். ஒப்பந்தத்தை அதிகம் மீறுவது அவன் அப்பாதான்.

வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை, அறையின் சூடு. உடல் சற்றுக் குளிர்ந்தால்தான் தூக்கம் பிடிக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு பதினொரு மணிவரை கக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர்ப் பஞ்சம் இல்லாத ஊரென்றால் மாலை ஆறு மணிக்கு மாடித் தளத்தில் இரண்டு குடம் தண்ணீர் தெளியுங்கள். கீழ்த்தளத்தில் கூடம் இருந்தால் தேர்வு முடியும்வரை எல்லோரும் அங்கேயே கோரைப்பாய் விரித்துப் படுங்கள், மெத்தையைவிடப் பாய் குளிர்ச்சி. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு குளியல். கொசுவலையை மறக்கவேண்டாம். கொசுக்கடியில் நாலு தடவை விழிக்கும் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத் தூக்கம் கணக்கில் மட்டும்தான் இருக்கும்.

விடியற்காலைப் படிப்பு என்ற நம்பிக்கை

இதில் பெரியவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. "நாலு மணிக்கு எழுந்து படிச்சா மனசுல நிக்கும்" என்று எங்கள் தாத்தா சொன்னார். உண்மைதான். ஆனால் தாத்தா படித்த காலத்தில் இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். எட்டுக்குத் தூங்கியவர் நாலரைக்கு எழுந்தால் எட்டரை மணி நேரம் தூங்கியிருக்கிறார். பத்தரைக்குத் தூங்கிய பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் ஆறு மணி நேரம்.

அன்று படித்ததை மூளை எடுத்து அடுக்கிவைப்பது தூக்கத்தில்தான். பின்னிரவில்தான் கனவுத் தூக்கம் அதிகம், நாம் நாலரைக்கு வெட்டியெடுப்பது அந்தப் பகுதியைத்தான். இரவு படித்ததும் தங்காது, காலையில் படிப்பதும் ஏறாது. ஆகவே எட்டரைக்குத் தூங்க முடிகிற வீட்டில் ஐந்தரைக்கு எழுப்புங்கள், நன்றாகப் படிக்கும். முடியாத வீட்டில் அலாரத்தை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தூங்கவிடுங்கள்.

இதில் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் இந்த வகுப்புகளில் பலவற்றுக்குப் பருவத் தேர்வான தொகுத்தறி மதிப்பீடு 60 மதிப்பெண். மீதி 40, பருவம் முழுக்க வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டில் ஏற்கெனவே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதும் இல்லை. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதுகூட, இங்கே பழைய முறையே தொடரும் என்று மாநில அரசு அறிவித்தது. ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியலுக்காக ஒரு குழந்தை நாலரைக்கு எழவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: மாலை நான்கரை மணி

பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றினால் மீதி மாலை தானாகச் சரியாகிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னிக்கு டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா?" என்று கேட்காதீர்கள். முதலில் தண்ணீர். பிறகு கைகால் முகம் கழுவல். பிறகு தின்ன ஏதாவது. அரைமணி கழித்துக் கேளுங்கள், பதிலும் ஒழுங்காக வரும்.

தண்ணீரை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். பல பெண் பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதே இல்லை. மாலைத் தலைவலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று பிள்ளைக்கே சொல்லிக்கொடுங்கள். கேரளத்தில் 2019இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே தனியாக மணியடிக்கத் தொடங்கினார்கள். வீட்டிலும் அப்படி மூன்று நேரம் வைத்துக்கொள்ளலாம்: வேன் ஏறும் முன், வந்ததும், இரவுச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்.

தின்பதற்கு அவித்த நிலக்கடலை, சுண்டல், கேழ்வரகுப் புட்டு, அவல், முட்டை, ஒரு வாழைப்பழம். எங்கள் பக்கம் பிப்ரவரியில் பனங்கிழங்கு கிடைக்கும், வெயில் ஏற ஏற நுங்கு வரும். காலையில் ஒன்றும் இறங்காத பிள்ளைக்கு மோர் விட்டுக் கரைத்த கம்மங்கூழ் ஒரு டம்ளர் இறங்கிவிடும். மதியச் சாப்பாடு மீதி வருகிறது என்றால் அளவைக் குறைத்து அனுப்புங்கள். வெயிலில் சாம்பார் சாதம் நொந்துபோவதால்தான் பாதிப் பிள்ளைகள் மூடிவைத்துவிடுகிறார்கள். தயிர்சாதத்தில் பாலைக் கூட்டித் தயிரைக் குறைத்துப் பிசைந்தால் ஒரு மணிவரை புளிக்காது.

டப்பாவில் வரும் மாவுப் பானங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள் அல்லவா? 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. அந்தப் பெயரில் இவற்றை விற்கவேண்டாம் என்று ஒன்றிய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. சர்க்கரை எவ்வளவு என்று டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். சும்மா பாலே போதும். மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். தூக்கம் கெடுவது ஒருபக்கம், சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமலும் தடுக்கும்.

தின்று முடித்ததும் கண் சொருகினால் இருபது நிமிடம் படுக்கட்டும். ஐந்தரை மணிக்குமேல் தூங்கவிட்டால் இரவு போச்சு.

நான்காம் படி: ஒன்றைக் கழியுங்கள்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அபாகஸ், சிலம்பம், கீபோர்டு, இந்தி, அப்புறம் டியூஷன். அவன் அம்மா என்னிடம், "அவனுக்கே புடிச்சுத்தான் போறான் டீச்சர்" என்றார். புடிக்காமல் இல்லை. இட்லியும்தான் புடிக்கும், பத்து இட்லி தின்ன முடியுமா?

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடியும்வரை ஏதாவது ஒரு வகுப்பை நிறுத்திவையுங்கள். எதை நிறுத்துவது என்பதில் ஒரு எச்சரிக்கை: முதலில் விளையாட்டைத்தான் வெட்டுவோம், அதுதான் தப்பு. ஓடியாடுகிற ஒரு மணி நேரம்தான் இரவில் தூங்கவைக்கிறது. உட்கார்ந்து செய்கிற வகுப்பை வெட்டுங்கள். என் பெரியவளிடம் "எதை விடலாம்?" என்று கேட்டேன். யோசிக்காமல் "டியூஷன்" என்றாள். டியூஷன் மாஸ்டருக்கு வருத்தம்தான், மே மாதம் வரை பொறுத்துக்கொண்டார்.

வீட்டுப்பாடத்தையும் இப்படியே பாருங்கள். இருபத்தைந்து நிமிடம் எழுதினால் ஐந்து நிமிடம் எழுந்து நடக்கட்டும். கடினமானது முதலில், படம் வரைவதும் ரெக்கார்டு ஒட்டுவதும் கடைசியில். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்ன பிறகும் பல பள்ளிகளில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். புத்தகப்பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே தீர்ப்பில் வந்ததுதான். இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. வீட்டு எடை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, முடிந்துபோன பருவத்தின் புத்தகங்களை வெளியே எடுத்துவையுங்கள். யாரும் எடுக்கச் சொல்லாததால் அவை மார்ச்வரை பையிலேயே பயணம் செய்யும்.

ஐந்தாம் படி: பள்ளியில் பேசுவது

மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளாகச் சொல்கிறேன். மற்ற அம்மாக்கள் சூழ நிற்கும்போது வாசலில் பிடித்துக் கேட்டால் எந்த ஆசிரியரும் தற்காப்பாகத்தான் பேசுவார். டைரியில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: "ஒன்பது மணிக்குமேல் விழிக்க முடியவில்லை. முடிந்தவரை எழுதியிருக்கிறாள். மீதியை ஞாயிறன்று முடித்துத் தருகிறோம்." இப்படி வந்த குறிப்புக்கு நான் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை.

ஒருநாள் லீவு போட்டால் குடி முழுகிவிடாது. வாரத்தின் நடுவில், திருப்புதல் தேர்வு இல்லாத நாளாகப் பார்த்து வீட்டில் வையுங்கள். முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் எங்கள் பள்ளியிலும் உண்டு. காய்ச்சலோடு வந்து அந்தக் கோப்பையை வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதனால் அதை எடுத்துவிடச் சொல்லி வருடா வருடம் கூட்டத்தில் பேசுகிறேன்.

தேர்வு வாரத்தில் புதிதாக எதையும் தொடங்கவேண்டாம். முதல்நாள் இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள். பரீட்சை அட்டை, பேனா எல்லாம் அப்போதே பையில் போகட்டும். வீட்டுக்கு வந்தபின் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மார்க் கூட்டிப் பார்க்கவேண்டாம்.

எப்போது டாக்டரைப் பார்க்கவேண்டும்?

இரண்டு வாரம் நன்றாகத் தூங்கியும், நேரத்துக்குத் தின்றும் களைப்பு குறையவில்லை என்றால் பாருங்கள். நம் ஊரில் முதலில் சந்தேகப்படவேண்டியது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருந்தது. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளிறியிருக்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். பல்பம், சாக்பீஸ், பச்சரிசி தின்னும் பிள்ளையை அடிக்காதீர்கள், அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 5 முதல் 11 வயதுவரை 11.5க்கும், 12 முதல் 14 வயதுவரை 12க்கும் கீழே இருக்கக்கூடாது. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம், சின்னவர்களுக்கு இளஞ்சிவப்பு, 10 வயதுக்கு மேல் நீலம். ஜன்னல் வழியாக எறிந்த மாத்திரைகளை வகுப்பறைக்குப் பின்னால் நான் பொறுக்கியிருக்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புங்கள்.

இவற்றையும் தள்ளிப்போடவேண்டாம்: இரவில் குறட்டையும் வாய் திறந்த மூச்சும் (மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம்), போர்டைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது, மாலைதோறும் லேசான காய்ச்சல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு. தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வருவது, எடை குறைவது மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். விளையாட்டு, நண்பர்கள், பிடித்த சாப்பாடு எதிலும் நாட்டமே இல்லாமல் பிள்ளை ஒதுங்கி இருந்தால் அது வேறு வகைக் களைப்பு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் மனநல ஆலோசகர்கள் எந்நேரமும் பேசுவார்கள், தமிழிலும்.

கடைசிப் படி: விடுமுறையின் முதல் வாரம்

தேர்வு முடிந்த மறுநாளே கோடைப் பயிற்சி முகாமில் சேர்த்துவிடுகிறோம். ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஏழு நாள் எதுவும் வேண்டாம், ஊருக்கு ரயில் பயணம்கூட நாலைந்து நாள் கழித்து இருக்கட்டும். முதல் இரண்டு நாள் ஒன்பது மணிவரை தூங்குவார்கள், எழுப்பாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து பழைய நேரத்தைவிட ஒரு மணி நேரம் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், இல்லாவிட்டால் ஜூனில் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். "போரடிக்குது" என்பார்கள். அடிக்கட்டும். எங்கள் வீட்டில் நான்காம் நாள் சின்னவன் தானாகவே அட்டைப் பெட்டியை வெட்டி ஒரு பேருந்து செய்துகொண்டிருந்தான்.

பள்ளிப் பையை மட்டும் முதல் நாளே காலி செய்துவிடுங்கள். அடியில் எப்படியும் நசுங்கிய ஒரு சாத்துக்குடியும், ஜனவரியில் தொலைந்த அழிப்பானும், உங்களிடம் காட்டாமல் வைத்த ஒரு விடைத்தாளும் இருக்கும். விடைத்தாளைப் பற்றி ஒன்றும் கேட்காமல், பையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, மொட்டை மாடிக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஏப்ரல் வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடும்.